ஐம்பத்தெட்டு கிலோ என்றேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கிக்கொண்டிருந்த சமயத்தில் நடந்தது இது. கிழக்குத் தாம்பரத்தில் எனக்கு ஒரு லேடீஸ் டைலர் கடை இருக்கிறது. சின்னக் கடைதான். இரண்டு தையல் மெஷின், ஒரு வெட்டு மேஜை, அதற்கு மேல் ஆள் நிற்க இடமிருக்காது. அந்த மாதம் நிற்கவும் இடமில்லாமல் கல்யாண ஜாக்கெட் துணிகள் குவிந்து கிடந்தன. வீடு மாடம்பாக்கத்தில். என் மனைவி காலையில் சமையலை முடித்துவிட்டுக் கடைக்கு வந்து ஹூக் வைப்பது, எம்மிங், சேலைக்கு ஃபால்ஸ் என்று கைத்தையல் வேலை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வாள்.

அவளுக்குக் கொஞ்ச நாளாகவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மாடிப்படி ஏறினால் நடுவில் நிற்பாள். கேட்டால், "வயசாவுதில்ல" என்பாள். நாற்பத்து மூன்று எல்லாம் ஒரு வயதா என்று நானும் கேட்கவில்லை. முகூர்த்த வேலையில் தலை நிமிரவே நேரமில்லை என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கடை ஷட்டரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். பேச்சு வரவில்லை, உதடு கறுத்துப் போயிருந்தது. பக்கத்து டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்தவர், அதை எடுக்காமலேயே எக்கோ ஸ்கேன் எடுக்கச் சொல்லி எழுதினார்.

சின்ன வயதில் எப்போதோ வந்த காய்ச்சல் அவளுடைய இதயத்தில் ஒரு வால்வைச் சுருக்கி வைத்திருந்ததாம். இத்தனை வருடமாக அது கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுக்கொண்டே வந்திருக்கிறது. நெஞ்சைத் திறந்து வால்வை மாற்ற வேண்டும், தள்ளிப்போட முடியாது என்றார்கள். சென்னைக்குள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தேதி குறித்தார்கள்.

ஆபரேஷன் என்றதும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது என் அண்ணன்தான். குரோம்பேட்டையில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்தார். பெண்கள் கையை நீட்டினால் போதும், டப்பாவைத் திறக்காமலே வளையல் அளவு சொல்லிவிடுவார். அவருக்கு ஹார்ட் அட்டாக் வந்து அவசரமாக ஆபரேஷன் செய்தார்கள். உயிர் பிழைத்து வந்தார். ஆனால் முகமெல்லாம் வீங்கி, கிட்னி சரியாக வேலை செய்யாமல் பல வாரம் கிடந்தார். வீட்டுக்கு வந்த பிறகும் பழைய ஆளாக வரவில்லை. சொந்த மகளைக் கூப்பிட வாயைத் திறப்பார், பெயர் வராது. வளையலைக் கையில் வைத்துக்கொண்டு இது என்ன அளவு என்று யோசித்துக்கொண்டே இருப்பார். தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுவார். போகப் போகக் கொஞ்சம் தேறினார், முழுசாகத் தேறவில்லை. இதயத்தை நிறுத்திவிட்டு ஒரு மெஷினில் உயிரை ஓட்டுவார்கள், அந்த மெஷின்தான் ஆளை மாற்றிவிட்டது என்று எங்கள் சொந்தத்தில் பேச்சு. எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் என் மனைவி பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: "மவுத்தாயிட்டா அது அல்லா எழுதினது, நான் பயப்படல. ஆனா உங்க அண்ணன் மாதிரி திரும்பி வந்தேன்னா இன்னா பண்ணுவீங்க? நம்ம பசங்க பேரு எனக்கு மறந்து போச்சுன்னா?" நான் பெட்டியின் ஜிப் மாட்டிக்கொண்டது போல அதை இழுத்துக்கொண்டிருந்தேன். அவளுடைய பயம் எதுவோ, என்னுடைய பயமும் அதுவேதான்.

இந்த இடத்தில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். கூடவே, தொழில் தெரிந்தவன் என்ற திமிரும் நிறைய உண்டு. தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொண்டு வந்து, இதே அளவுக்குத் தைத்துவிடுங்கள் என்பார்கள். அதற்குப் பெயரே அளவு ஜாக்கெட். அதைப் பார்த்தாலே எனக்கு ஆகாது. எப்போது தைத்தது என்று கேட்பேன். இரண்டு வருடம் என்பார்கள். "ஜாக்கெட் அப்படியே இருக்கும்மா, நீங்க அப்படியே இருப்பீங்களா?" என்று சொல்லிவிட்டு டேப்பைக் கொடுத்து என் மனைவியை அளவெடுக்கச் சொல்வேன். வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்கு இதில் என்மேல் வருத்தம். ஆனால் என் ஜாக்கெட் அளவு தப்பாது என்று சேலையூர் வரைக்கும் பெயர்.

ஆஸ்பத்திரியில் அட்மிஷன் போட்ட அன்று கூட்டமான கூட்டம். என் மனைவி சக்கர நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். ஃபாரம் எழுதியவர் உயரம், எடை கேட்டார். எடை மெஷின் அந்தக் கோடியில் இருந்தது, முன்னால் ஏழெட்டுப் பேர். அவளை எழுப்பி நிற்கவைக்க எனக்கு மனம் வரவில்லை. அது மட்டும் காரணம் இல்லை. "எழுதிக்கங்க சார், அஞ்சடி ரெண்டு அங்குலம், அம்பத்தெட்டு கிலோ. நான் டைலரு, என் வீட்டு ஆள் அளவு எனக்குத் தெரியாதா" என்று பெருமையாகவும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். ஆபரேஷனுக்கு இன்னும் ஒரு நாள். முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண் வார்டுக்கு வந்தார். நீலச் சீருடை, கையில் ஒரு அட்டை, அதில் செருகிய பேப்பர். வணக்கம் சொல்லி, தான் பெர்ஃப்யூஷனிஸ்ட் என்றார். என் காதில் பாதிதான் விழுந்தது. என் மனைவி மெதுவாக என் பக்கம் சாய்ந்து, "பெர்ஃப்யூம் விக்கிறவங்களா?" என்று கேட்டாள். அவருக்கும் கேட்டுவிட்டது. சிரித்துவிட்டார். "எல்லாரும் அப்படித்தான் கேக்கறாங்கக்கா. நாளைக்கு உங்க இதயமும் நுரையீரலும் வேலை செய்யாத நேரத்துல, அந்த ரெண்டு வேலையையும் ஒரு மெஷின் செய்யும். அத ஓட்டறது நான்தான்" என்றார்.

சிரித்துக்கொண்டிருந்த எனக்குச் சட்டென்று முகம் மாறிவிட்டது. அண்ணனை மாற்றிய மெஷினின் ஆள் இவர்தான் என்று ஒரு வெறுப்பு. சின்னப் பெண்ணாக வேறு இருக்கிறாரே என்ற சந்தேகம் இன்னொரு பக்கம்.

அவர் கேள்விகளை ஆரம்பித்தார். மீன் சாப்பிட்டால் உடம்பு தடிக்குமா என்று கேட்டார். மீன் குழம்பு இல்லாவிட்டால் சோறே இறங்காது என்றாள் என் மனைவி. கடைசியில் கொடுக்கும் ஒரு மருந்து மீனிலிருந்து எடுப்பது, அதனால் கேட்கிறேன் என்றார். குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தால் விரல் நீலமாகுமா என்று கேட்டார். ஆகாது என்றாள். ஆபரேஷனில் ரத்தத்தைக் கொஞ்சம் குளிரவைப்போம், அதற்காகக் கேட்டேன் என்றார். அடுத்து உயரமும் எடையும் கேட்டார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நேற்று ஃபாரத்தில் எழுதியாயிற்று, நர்ஸ் வந்து அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார், மயக்க மருந்து டாக்டர் கேட்டார், இப்போது இவர். "எத்தினி வாட்டிம்மா சொல்றது? எல்லாம் எழுதிக் குடுத்தாச்சு. அதப் பாத்து எழுதிக்கத் தெரியாதா? ஒரே பேஜாராக் கீது" என்று குரலை உயர்த்தினேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

அந்தப் பெண் முகம் கோணவில்லை. "எழுதினது பாத்தேன் சார். அக்காவையும் பாத்தேன். ஒரு வாட்டி நானே எடுத்துக்கறேன்" என்றார். போய் அவரே எடை மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். என் மனைவியைக் கைத்தாங்கலாக அதில் ஏற்றினார். நாற்பத்து நான்கு காட்டியது.

மெஷின் கெட்டுப் போயிருக்கிறது என்றேன். அவர் தானே ஏறி நின்றார். "நான் அம்பத்திமூணு. கரெக்டா காட்டுது சார். நீங்களும் ஏறிப் பாருங்க" என்றார். வீம்புக்கு ஏறினேன். எனக்கும் சரியாகத்தான் காட்டியது. சட்டைப் பையிலிருந்து ஒரு டேப்பை எடுத்து, என் மனைவியைச் சுவரில் சாய்த்து நிற்கவைத்து உயரம் அளந்தார். நான்கடி பத்து அங்குலம். அதை மட்டும் நான் குறை சொல்ல முடியவில்லை. டேப்பை எங்கே பிடிக்க வேண்டும், எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்த கை அது. கல்யாணத்தின்போது யாரோ சொன்ன ஐந்தடி இரண்டு அங்குலத்தை நான் இருபது வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

ஐம்பத்தெட்டு எங்கிருந்து வந்தது என்றும் அப்போதுதான் யோசித்தேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கிளினிக்கில் எடை பார்த்தபோது சொன்னது. அப்போது கால் வீங்கியிருந்தது என்று காட்டப் போயிருந்தோம் என்றேன். அந்தப் பெண் அதைக் கேட்டுவிட்டு, அந்த எடையில் கொஞ்சம் வீக்கத்து நீராக இருந்திருக்கும் என்றார். அப்புறம் அவள் பக்கம் திரும்பி, இப்படி இளைச்சிருக்கீங்களே, துணியெல்லாம் தொளதொளன்னு ஆகியிருக்குமே என்று கேட்டார்.

என் மனைவி தயங்கினாள். என்னைப் பார்த்தாள். "இவரு பழைய அளவுலயே தைச்சுக் குடுப்பாரு. நான் சைடுல புடிச்சு தையல் போட்டுப்பேன்" என்றாள். எத்தனை தடவை பிடித்தாய் என்று நான் கேட்டேன். "நாலு வாட்டி. உங்களுக்கு வேலை ஜாஸ்தி, அதான் சொல்லல."

என் முகத்தில் ஈயாடவில்லை. ஊரிலுள்ள பெண்களுக்கெல்லாம் அளவு ஜாக்கெட் ஆகாது என்று சட்டம் பேசுகிறவன், என் சொந்த மனைவிக்கு அளவு ஜாக்கெட்டை வைத்தே வருடக்கணக்கில் வெட்டியிருக்கிறேன். அவள் என் கண்ணெதிரே, அதே கடையில், என் மெஷினிலேயே நான்கு தடவை தன் ஜாக்கெட்டைப் பிடித்திருக்கிறாள். பதினான்கு கிலோ கரைந்து போனது எனக்குத் தெரியவில்லை. அந்தக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். வார்டில் எல்லோரும் பார்க்கிறார்களே என்ற வெட்கம்கூட அப்போது வரவில்லை.

அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சார் என்றவர் அப்போதிலிருந்து அண்ணா என்றார். ஏன் மறுபடி அளந்தேன் என்று சொல்லுகிறேன் என்றார். கட்டிலில் தொங்கிய ட்ரிப்ஸ் குழாயைக் காட்டினார். இதைவிடத் தடிமனான குழாய்கள் வழியாகத்தான் ரத்தம் வெளியே வந்து, மெஷினுக்குப் போய், பிராணவாயு ஏறி, மறுபடி உடம்புக்குள் போகும். அந்தக் குழாய்களில் காற்றுக் குமிழ் ஒன்றுகூட இருக்கக்கூடாது. அதனால் முதலில் மருந்து நீரை நிரப்பி வைப்பார்கள். மெஷின் ஓடத் தொடங்கியதும் அந்த நீர் முழுவதும் ரத்தத்தோடு கலந்துவிடும்.

"ஆள் பெருசா இருந்தா தாங்கும்ணா. அக்கா ஒடம்புல மொத்தமே மூணு லிட்டர் ரத்தம்தான் இருக்கும். நான் பெரிய குழாய் செட்டா மாட்டி ஒன்றரை லிட்டர் தண்ணிய உள்ள விட்டா என்ன ஆகும்? ரசம் மாதிரி ஆயிடும். அப்புறம் வெளி ரத்தம் நிறைய ஏத்தணும். ஒடம்பு வீங்கும், கிட்னி கஷ்டப்படும். மருந்தோட அளவுகூட எடைய வச்சுத்தான் போடறோம்."

குழாயின் பிளாஸ்டிக்கைப் பார்த்ததும் ரத்தம் எதிரி வந்துவிட்டான் என்று கிளம்பும், அந்தச் சண்டையில் உடம்புதான் அடிபடும் என்றும் சொன்னார். அதனால் குழாய் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. தியேட்டரில் எப்படியும் எடையைச் சரிபார்ப்பார்கள், ஆனால் அந்த நேரத்தில் தெரிந்தால் சின்ன செட்டைத் தேடி ஓட வேண்டியிருக்கும், நிதானமாக யோசித்துத் தயார் செய்ய முடியாது என்றார். என் தப்பை அவர் பெரிதுபடுத்தவில்லை, ஒன்றுமில்லை என்று மழுப்பவும் இல்லை.

அப்போதுதான் என் மனைவி கேட்டாள். என் அண்ணன் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, "எனக்கும் அந்த மாதிரி ஆவுமாம்மா?" என்றாள். நான் அந்தப் பெண்ணின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகாது, கவலைப்படாதீங்க என்று ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டாரா என்று இருந்தது.

அவர் அப்படிச் சொல்லவில்லை. அண்ணனுக்கு என்ன நடந்தது என்று தனக்குத் தெரியாது, சர்க்கரை, வயது, அவசர ஆபரேஷன் என்று பல காரணம் இருந்திருக்கலாம் என்றார். மெஷினும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்றும் ஒத்துக்கொண்டார். "மெஷினால கெடுதல் இல்லன்னு சொன்னா பொய் சொன்ன மாதிரி ஆயிடும்கா. இல்லாம பண்ண முடியாது. கொறைக்க முடியும். என்னால எவ்வளவு கொறைக்க முடியுமோ அவ்வளவு கொறைப்பேன்" என்றார்.

என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, சரிம்மா என்றாள். அதற்கு முன் எத்தனையோ பேர் அவளுக்குத் தைரியம் சொல்லியிருந்தார்கள். யார் சொல்லியும் தெளியாத முகம் அப்போது தெளிந்தது. இன்ஷா அல்லா என்று அவள் சொன்னதற்கு அந்தப் பெண்ணும் தலையாட்டினார். கழுத்தில் சின்னச் சிலுவை போட்டிருந்தார்.

ரத்தம் கொடுக்க நான்கு பேர் வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். மறைமலை நகர் கார் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மச்சான் இரண்டு நண்பர்களோடு ஷிஃப்ட் முடித்து நேராக வந்தான். எங்கள் தெரு ஆட்டோக்காரர் நான்காவது ஆள். ஊசியைக் கண்டால் பயந்து சாகிற மனுஷன், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கொடுத்தார். "பாய், என் ரத்தம் அக்காவுக்குப் போச்சுன்னா அப்புறம் அதுங்கூட ஹாரன் அடிச்சுக்கினே நடக்கும், பாத்துக்க" என்றார். அந்த இரண்டு நாளில் நான் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

ஆபரேஷன் அன்று காலை ஏழரைக்கு அவளை உள்ளே கொண்டுபோனார்கள். கதவுக்கு முன்னால் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். தலையில் தொப்பி, முகத்தில் மாஸ்க், கண் மட்டும்தான் தெரிந்தது. நேற்றுக் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டு, "சின்ன செட் எடுத்து வச்சுட்டேன்ணா" என்றார். அவ்வளவுதான், போய்விட்டார். அதைவிட நல்ல ஆறுதல் அன்றைக்கு எனக்கு யாரும் சொல்லவில்லை.

வெளியே உட்கார்ந்திருந்த நேரத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தேன், எண்ணிக்கை தவறிக்கொண்டே இருந்தது. இப்போது அவளுடைய இதயம் நின்றிருக்கும், இப்போது அந்தப் பெண் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பார் என்று திரும்பத் திரும்ப அதே நினைப்பு. பிள்ளைகள் இருவரும் என் இரண்டு பக்கமும் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மதியம் ஒன்றேகாலுக்கு சர்ஜன் வந்து நல்லபடியாக முடிந்தது என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னேன். வால்வு எப்படி, ரத்தம் எப்படி என்று எதுவும் கேட்கத் தோன்றவில்லை. அவள் அவளாக இருக்கிறாளா என்பது மட்டும்தான் கேட்க வேண்டியிருந்தது, அதற்கு அவள் கண் விழிக்க வேண்டும் என்றார்கள்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு ஐசியூவுக்குள் ஐந்து நிமிடம் விட்டார்கள். வாயிலிருந்த குழாயை எடுத்திருந்தார்கள். அண்ணனைப் போல முகம் ஊதிப் போயிருக்கும் என்று மனதைத் தயார் செய்துகொண்டு போனேன். அப்படி இல்லை. சோர்ந்திருந்தாள், ஆனால் அவள் முகம் அவள் முகமாகவே இருந்தது. என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் யாரென்று தெரிகிறதா என்று கேட்கவும் பயமாக இருந்தது.

உதட்டை நனைத்துக்கொண்டு மெல்லிய குரலில் சொன்னாள்: "பட்டன மாத்திப் போட்டுக்கினு வந்து நிக்கிறீங்க. பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க, இவரா டைலருன்னு."

குனிந்து பார்த்தேன். சட்டை ஒரு பக்கம் மேலேயும் ஒரு பக்கம் கீழேயும் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கோலத்தில்தான் ஆஸ்பத்திரி முழுக்கச் சுற்றியிருக்கிறேன். அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். நர்ஸ் சத்தம் போடாதீங்க என்றார். அடுத்ததாக அவள் இரண்டு பிள்ளைகளின் பெயரையும் சொல்லி, சாப்பிட்டார்களா என்று கேட்டாள்.

அந்தப் பெண்ணைத் தேடிக்கொண்டு போனேன். அடுத்த ஆபரேஷன் முடிந்து, மாடியில் வாட்டர் கேனுக்குப் பக்கத்தில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மன்னிப்பும் நன்றியும் கலந்து என்னவோ உளறினேன். எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். பெரிதாக ஒன்றும் இல்லை என்கிற மாதிரிதான் சொன்னார். மெஷினை வழக்கமான இடத்தில் வைக்காமல் ஆபரேஷன் மேஜைக்கு ஒட்டி இழுத்து வைத்ததால் குழாய் நீளத்தை வெட்டிக் குறைக்க முடிந்ததாம். மெஷினை ஓட்டுவதற்கு முன், அவளுடைய ரத்தத்தையே மெதுவாகக் குழாய்களுக்குள் வரவிட்டு, அது தள்ளிய நீரை வெளியே ஒரு பையில் பிடித்துவிட்டாராம். நெஞ்சில் சிந்திய ரத்தத்தையும் வீணாக்காமல் கழுவி அவளுக்கே திருப்பிக் கொடுத்தாராம். வெளி ரத்தம் ஒரு பாட்டில்கூடத் தேவைப்படவில்லை. "நேரம் கெடைச்சுது, அதனால பண்ண முடிஞ்சுது" என்றார்.

ஒரு துணியைக் கையில் வாங்கினால் அது தெரிந்தவன் வெட்டியதா, தெரியாதவன் வெட்டியதா என்று எனக்குத் தெரியும். தெரிந்தவன் வெட்டியதில் வீண் இருக்காது. அந்தப் பெண் சொல்லச் சொல்ல, கண்ணால் பார்க்காத ஒரு வேலையின்மேல் எனக்கு அப்படியொரு மரியாதை வந்தது. ஸ்வீட் வாங்கி சர்ஜனுக்கும் நர்ஸ்களுக்கும் கொடுத்தோம். சொந்தக்காரர்களில் ஒருவர்கூட அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்கவில்லை, அப்படி ஒருவர் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. நான்தான் அவருக்கென்று தனியாக ஒரு டப்பா எடுத்துப்போய்க் கொடுத்தேன். வெட்கப்பட்டுக்கொண்டு வாங்கினார். வீட்டுக்கு வந்ததும் ஆட்டோக்காரரிடம் ரத்தம் ஏற்றவே இல்லை என்று சொன்னபோது அவர் முகம் தொங்கிவிட்டது. "அப்போ என்து எங்க பாய் போச்சு?" என்று கேட்டார். வேறு யாருக்காவது போயிருக்கும் என்றேன். யோசித்துவிட்டு, "பாவம் அந்த ஆளு" என்றார்.

என் மனைவி மூன்று மாதம் ஓய்வில் இருந்தாள். அதற்குள் நான் செய்த முதல் வேலை, அவளை நிற்கவைத்து டேப்பால் அளந்ததுதான். அவளுக்கு ஒரே சிரிப்பு. புதிதாக ஆறு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தேன். பழையதை எல்லாம் எடுத்து, அவள் பிடித்திருந்த தையல்களைத் தடவிப் பார்த்தேன். ஒன்றன் உள்ளே ஒன்றாக நான்கு வரிசை, அவ்வளவு சீராக ஓட்டியிருந்தாள். அவற்றைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை.

ஆறாவது மாதம் பரிசோதனைக்குப் போயிருந்தபோது லிஃப்ட் வாசலில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தார். என் மனைவிதான் முதலில் பார்த்தாள். விடுவிடுவென்று போய், நடுவில் எங்கும் நிற்காமல், அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் சிரித்தார். ஆனால் யாரென்று அவருக்குத் தெரியவில்லை என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. எனக்குச் சுருக்கென்றது. தினம் தினம் யாராவது, அதிலும் எல்லோரும் முகம் மூடிப் படுத்திருக்கிறவர்கள், அவர் என்ன செய்வார்.

அவருக்கே சங்கடமாகிவிட்டது. "மன்னிச்சுக்கங்கக்கா, எங்க பாத்தோம்னு சட்டுனு வரல" என்றார். என் மனைவிக்குக் கோபமே இல்லை. அந்தக் கையை விடாமல், சந்தோஷமாகச் சொன்னாள்: "உங்களுக்கு மறந்தா பரவால்லம்மா. எனக்கு மறக்கல பாருங்க. உங்க மொகம், நீங்க கேட்ட கேள்வி, சொன்ன பதிலு, ஒண்ணு கூட மறக்கல."

அவருக்கு அந்தக் கணத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. கண் கலங்கிப்போய், "அண்ணன் மாதிரி ஆயிடுமான்னு கேட்டீங்களே, அந்த அக்காவா" என்றார். லிஃப்ட் வந்து, கதவு திறந்து, மறுபடி மூடிப் போய்விட்டது. அவர் ஏறவில்லை.

இரண்டு மணி நேரம் என் மனைவியின் இதயம் நின்றிருந்தது என்று அவர்கள் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் பாதித் தையலில் மெஷினை நிறுத்திவிடுகிறேன். அந்த இரண்டு மணி நேரமும் அவளை அவளாகவே பத்திரமாகப் பிடித்து வைத்திருந்து, எங்களிடம் திருப்பிக் கொடுத்த ஒரு கை இந்த ஊரில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டால்தான் மீதித் தையலை ஓட்ட முடிகிறது.